மலைநாட்டுக் கழுகுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் மலைநாட்டு வானில் காணும் கழுகுகளைப் பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்து இங்கே பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் தோட்டத்தின் காட்டோரமாக ஒரு பெரிய கறுப்புப் பறவை காலையில் வந்து போகிறது. சிறகை அடிப்பதே இல்லை. மர உச்சியை உரசுகிற மாதிரி மெதுவாக மிதந்து போகிறது. அது வந்தாலே சின்னக் குருவிகள் எல்லாம் கத்துகின்றன. லயத்துப் பிள்ளைகளைத் தூக்கிவிடுமோ என்று தாய்மார் பயப்படுகிறார்கள். இது என்ன பறவை?
— நோர்வூட்டிலிருந்து ஒரு வாசகி

நீங்கள் எழுதியிருக்கும் நடையை வைத்தே சொல்லலாம்: அது கருங்கழுகு. உடல் முழுக்கக் கறுப்பு. அலகின் அடியும் பாதங்களும் நல்ல மஞ்சள். சிறகு நீளமானது, உடலோடு சேரும் இடத்தில் ஒடுங்கி, வெளிப்பக்கம் அகன்று, நுனி இறகுகள் விரித்த விரல்களாகப் பிரிந்து நிற்கும். மிதக்கும்போது சிறகை ஆழமில்லாத 'V' வடிவில் சற்று உயர்த்தி வைத்திருக்கும். தலையும் அடிப்பக்கமும் வெளிறிய மஞ்சள் கலந்த பழுப்பாக, கோடுகளோடு தெரிந்தால் அது இளம் பறவை.

அது மெதுவாகப் பறப்பது அதன் வேட்டை முறை. உடல் எடை ஏறக்குறைய 1 முதல் 1.6 கிலோ கிராம். அந்த எடைக்குச் சிறகு மிகப் பெரியது, விரித்த அகலம் ஒன்றரை மீற்றரையும் தாண்டும். அதனால் மற்றக் கழுகுகள் கீழே விழுந்துவிடக்கூடிய வேகத்திலும் அதனால் மிதக்க முடிகிறது. அப்படி மிதந்தபடி ஒவ்வொரு மர உச்சியையும் துழாவிப் பார்க்கிறது. தேடுவது பெரும்பாலும் மற்றப் பறவைகளின் கூடுகளை: முட்டை, குஞ்சு இரண்டுமே அதற்கு உணவு. சில வேளைகளில் கூட்டையே முழுதாகப் பெயர்த்து எடுத்துச் சென்று, ஒரு கிளையில் இருந்து உள்ளே உள்ளதை உண்ணும். காலின் வெளிவிரல் குட்டை. உள்விரலிலும் பின்விரலிலும் உள்ள நகங்கள் நீளமானவை, மற்றக் கழுகுகளுக்கு இருப்பதுபோல அவ்வளவு வளைவில்லை. கூட்டை அள்ளுவதற்கு ஏற்ற பாதம் அது. குருவிகள் கத்துவதன் காரணம் இப்போது விளங்கும். அணில், எலி, பல்லி வகைகளையும் பிடிக்கும்.

பிள்ளைகளைப் பற்றிய பயம் வேண்டாம். தன் எடைக்குச் சமமான ஒன்றைக்கூட அதனால் தூக்கிக்கொண்டு மேலெழ முடியாது. மனிதரைக் கண்டால் விலகிப் போகும் பறவை இது. நாளும் ஒரே நேரத்தில் வருவதற்கும் காரணம் உண்டு. ஒரு சோடி, ஒரு பெரிய காட்டுப் பகுதியைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு அதே விளிம்பைச் சுற்றிவரும். உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் காடு அந்த எல்லைக்குள் இருக்கிறது. அந்தக் காட்டுத்துண்டு போனால் பறவையும் போய்விடும். தேயிலை மட்டும் உள்ள மலையில் அதற்கு உணவில்லை.

மலையில் தெரிவதை எல்லாம் நாங்கள் பருந்து என்றுதான் சொல்கிறோம். பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்ட எளிய வழி உண்டா?
— பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியர்

நிறத்தை முதலில் பார்க்க வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். உருவம், நடை, குரல், கடைசியாக நிறம் என்ற வரிசையில் பார்க்கப் பழக்குங்கள்.

குரலால் அறியக்கூடியது பாம்புக் கழுகு. வெயில் ஏறிய பின், அதாவது ஒன்பதரை மணிக்குப் பிறகு, உயரத்தில் வட்டமிட்டபடி நீண்ட சீழ்க்கை ஒன்றும் அதைத் தொடர்ந்து இரண்டு மூன்று குறுஞ் சீழ்க்கைகளும் கேட்டால் அது பாம்புக் கழுகுதான். சிறகு அகலமானது, நுனி உருண்டது. கீழிருந்து பார்க்கும்போது சிறகின் பின் விளிம்பை ஒட்டி அகன்ற வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். வாலிலும் அப்படி ஒன்று உண்டு. அமர்ந்திருக்கும்போது முகத்தில் மஞ்சள் தோலும் பிடரியில் கறுப்பு வெள்ளைக் கொண்டையும் காணலாம். கால் இறகில்லாமல் செதில் மூடியிருக்கும். பாம்பின் கடியை அந்தச் செதில் ஓரளவு தடுக்கும், ஆனால் நஞ்சுக்கு இந்தப் பறவை விதிவிலக்கல்ல. அது தப்புவது வேகத்தால்.

குடுமிக் கழுகுக்குத் தலையில் நிமிர்ந்து நிற்கும் நீண்ட குடுமி. இலங்கையில் உள்ள வகைக்கு அது மிகத் தெளிவாகத் தெரியும். வால் நீளம். நெஞ்சில் மேலிருந்து கீழாகக் கபிலக் கோடுகள். காட்டோர மரத்தில் அசையாமல் வெகுநேரம் அமர்ந்திருந்து திடீரெனப் பாயும். கால் விரல்வரை இறகால் மூடியிருக்கும். இளம் பறவையின் தலை வெண்மையானது, அதைப் பார்த்து வேறு இனம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

உயரமான மலைகளில் இதற்கு நெருங்கிய உறவான இன்னொன்று உண்டு: லெக்கின் மலைக் கழுகு. நெஞ்சிலும் வயிற்றிலும் குறுக்காக ஓடும் செம்பழுப்புப் பட்டைகள் இதன் அடையாளம். கோடு மேலிருந்து கீழா, குறுக்கா என்று பார்த்தாலே இரண்டும் பிரிந்துவிடும். 1878-ல் பறவையியலாளர் வின்சன்ட் லெக் இதை விவரித்து, இலங்கையின் விலங்குகளை ஆராய்ந்த வைத்தியர் கெலார்ட்டின் பெயரை அறிவியல் பெயரில் வைத்தார். நீண்ட காலம் இமயமலைப் பக்கத்து மலைக் கழுகின் ஒரு பிரிவாகவே இது கருதப்பட்டது. 2008-ல் வெளிவந்த ஆய்வு இதைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டியது. இலங்கையையும் தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடரையும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கலை, நக்கிள்ஸ் பக்கம் போகும் மாணவர்கள் கண்ணில் பட்டால் நேரமும் இடமும் குறித்து வைக்கட்டும். அந்தக் குறிப்புக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

செவ்வயிற்றுக் கழுகு சிறியது. தலை கறுப்பு, தொண்டையும் நெஞ்சும் வெள்ளை, வயிறு செம்மை. சிறகை மடக்கிக்கொண்டு மேலிருந்து செங்குத்தாகப் பாயும்போது வல்லூறோ என்று தோன்றும். நீர்த்தேக்கங்களுக்கு மேலே உடல் செம்மையும் தலை வெண்மையுமாகச் சுற்றுவது செம்பருந்து. அது கழுகல்ல.

கழுகு நாற்பது வயதில் மலைக்குப் போய் அலகைப் பாறையில் அடித்து உடைத்து, இறகையும் நகத்தையும் பிடுங்கி, 150 நாள் காத்திருந்து மறுபிறவி எடுத்து இன்னும் முப்பது வருடம் வாழும் என்று ஒரு செய்தி வருகிறதே?
— பதுளை, ஹாலிஎல, தெல்தெனியா வாசகர்கள்

அதில் ஒரு வரிகூட உண்மையில்லை. அலகின் உள்ளே உயிருள்ள எலும்பு இருக்கிறது, அதற்கு மேலே நகத்தைப் போன்ற உறை இருக்கிறது. உறை வாழ்நாள் முழுதும் வளரும், உண்ணும்போதும் கிளையில் தேய்க்கும்போதும் தேயும். எலும்போடு அலகு உடைந்த கழுகால் இறைச்சியைக் கிழிக்க முடியாது, பட்டினியால் இறந்துவிடும். இறகுகளை அது ஒருபோதும் மொத்தமாக இழப்பதில்லை. இரண்டு சிறகிலும் ஒரே நேரத்தில் ஓரிரண்டு இறகு உதிர்ந்து புதிது முளைக்கும். பெரிய கழுகுகளுக்கு ஒரு சுற்று முடிய ஓர் ஆண்டுக்கு மேலாகும்.

வயதைப் பொறுத்தவரை வளையமிட்ட பறவைகள்தான் சான்று. 1977-ல் குஞ்சாக இருக்கும்போது காலில் வளையம் போடப்பட்ட ஒரு வெண்தலைக் கழுகு 2015-ல் நியூயோர்க் மாநிலத்தில் வாகனத்தில் அடிபட்டு இறந்தபோது அதற்கு 38 வயது. அந்த இனத்தில் பதிவான மிகக் கூடிய வயது அதுவாகவே இருந்தது.

கோழிக்குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. வாரத்தில் இரண்டு மூன்று போய்விட்டது. துவக்கால் சுடவா முடியும்? என்னதான் செய்வது?
— மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்

சுடக்கூடாது. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எல்லாக் கழுகுகளும் அவற்றின் முட்டைகளும் பாதுகாக்கப்பட்டவை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் சுடுவதால் பயனில்லை. ஓர் எல்லை வெறுமையானால் சோடியில்லாமல் திரியும் இன்னொரு பறவை வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். தீனி திறந்தே கிடந்தால் அதுவும் குஞ்சைத்தான் தூக்கும்.

முதலில் யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். பகலில், சத்தத்தோடு, இறகு சிதறாமல் குஞ்சு மட்டும் காணாமல் போனால் குடுமிக் கழுகாகவோ வைரி என்ற சிறு வேட்டைப் பறவையாகவோ இருக்கலாம். இரவில் போனால் மரநாய் அல்லது காட்டுப்பூனை. கழுகின் மேல் பழி போடக்கூடாது. கோழி செத்துக்கிடந்து கழுத்துப் பக்கம் மட்டும் கடிபட்டிருந்தால் கீரியையோ மரநாயையோ நினையுங்கள்.

இழப்பு பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களில்தான். அந்த ஆறு வாரமும் குஞ்சுகளை மேலே மூடிய கூட்டில் வைத்தாலே சிக்கல் முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஒரு தாய்க்கோழிக்கும் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கும் நீளம் 2 மீற்றர், அகலம் 1 மீற்றர், உயரம் 60 சென்ரிமீற்றர் உள்ள சட்டம் போதும். மூங்கிலால் கட்டி, மேலும் பக்கங்களும் கோழிக் கம்பிவலை அடியுங்கள். அடியில் திறந்து விட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை புல்லுள்ள புது இடத்துக்கு நகர்த்தலாம்.

இங்கே பலர் செய்யும் பிழை, மெல்லிய நைலோன் வலையைத் தொய்வாகத் தொங்கவிடுவது. அதில் கழுகும் சிக்கும், சாரைப்பாம்பும் சிக்கும், உங்கள் கோழியின் காலும் சிக்கும். வலை என்றால் தடித்த நூல், கண் 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல், தட்டினால் துள்ளும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும்.

வளர்ந்த கோழிகளுக்கு மூடிய கூடு தேவையில்லை, ஒதுங்க இடம் வேண்டும். முற்றத்தில் ஐந்தாறு மீற்றர் தூரத்துக்குள் ஒரு வாழைக் கூட்டமோ அடர்ந்த செடியோ இருந்தால் சேவல் எச்சரித்ததும் எல்லாம் ஓடி ஒளியும். பழைய சீடி, மினுங்கும் தாள் எல்லாம் சில நாள்தான் பயமுறுத்தும். கழுகு பழகிக்கொள்ளும். செத்த கோழியையோ குடலையோ முற்றத்தில் எறியாதீர்கள், அது கழுகுக்கு மட்டுமல்ல சிறுத்தைக்கும் அழைப்பு. வேலியோரம் சுருக்குக் கம்பி வைக்கவே வேண்டாம். மலைநாட்டில் சிறுத்தைகள் சாகும் முக்கியமான வழி அதுதான்.

கழுகின் முதுகில் கருவி பொருத்தி அது போகும் இடங்களை அறிகிறார்கள் என்று படித்தோம். எப்படிப் பொருத்துகிறார்கள்? பறவைக்குத் துன்பமில்லையா? நம் மலையில் இது சரிவருமா?
— பேராதனையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி

பறவையொன்றைச் செய்மதி மூலம் தொடர்வது 1984-ல் அமெரிக்காவில் ஒரு வெண்தலைக் கழுகில் தொடங்கியது. அப்போது பறவையின் இடம், செய்மதி நகரும்போது அதற்கு எட்டும் கருவியின் அலைவரிசை மாறுவதைக் கொண்டு கணிக்கப்பட்டது. பிழை நூற்றுக்கணக்கான மீற்றரிலிருந்து கிலோமீற்றர்வரை போகும். இன்று பெரும்பாலும் ஜிபிஎஸ் கருவி. அது இடத்தைப் பத்து இருபது மீற்றர் துல்லியத்தில் பதிந்து, கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக அனுப்பும். மேல்பக்கம் சூரியத் தகடு, உள்ளே மின்கலம், ஜிபிஎஸ், தொலைபேசித் தொகுதி, அசைவை அளக்கும் உணரி, பின்னால் மெல்லிய அலைவாங்கி: இவ்வளவுதான் பாகங்கள்.

எடை முதல் விதி. கருவியும் அதை உடலோடு கட்டும் பட்டியும் சேர்ந்து பறவையின் எடையில் 3 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பதைத்தான் கவனமான ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கிறார்கள். 1.5 கிலோ பறவைக்கு 45 கிராம், 1.2 கிலோவுக்கு 36 கிராம். கழுகுகளில் பெண்தான் பெரியது, எனவே பெண்ணுக்குப் பொருந்தும் கருவியை ஆணுக்கு அப்படியே போட்டுவிட முடியாது. பிடித்தவுடன் நிறுத்துப் பார்ப்பது முதல் வேலை.

பட்டி டெஃப்லோன் நாடாவால் ஆனது, ஈரம் உறிஞ்சாது, இறகை அறுக்காது. நான்கு நாடா முதுகிலிருந்து புறப்பட்டு இரண்டு சிறகின் முன்னும் பின்னுமாக வந்து நெஞ்செலும்பின் நடுவில் சந்திக்கும். அந்தச் சந்திப்பைப் பருத்தி நூலால் தைப்பது வழக்கம். சில ஆண்டுகளில் நூல் உக்கி அறுந்து கருவி தானே விழுந்துவிடும். நைலோன் நூலால் தைத்தால் பறவை சாகும்வரை சுமக்கும்.

இறுக்கம்தான் கைத்திறன். இறுகினால் நாடா நெஞ்சுத் தோலை அறுத்துப் புண்ணாக்கும். தளர்ந்தால் பறவையின் நகமோ அலகோ கிளையோ நாடாவுக்குள் மாட்டும். தொண்டைக்குக் கீழே உள்ள தீன்பை நிறைந்திருக்கும்போது நெஞ்சுப் பக்கம் புடைக்கும் என்பதால் அது வெறுமையாக இருக்கும் நேரம் அளந்து, புடைப்புக்கு இடம் விட்டுத் தைப்பார்கள். குஞ்சுக்குப் போடுவதானால் உடல் முழு அளவை எட்டி, பறப்பதற்குச் சற்று முன். அதற்கு முன்னால் போட்டால் வளர வளர நாடா இறுகும், அதற்குப் பின்னால் போனால் மரத்திலிருந்து பாய்ந்து விழுந்துவிடும். முழு வேலையும் நடக்கும்போது கண் மூடிய தோற்குல்லா அணிவிப்பார்கள். இருட்டில் கழுகு அடங்கிவிடும்.

நம் மலையில் மூன்று தடை. ஒன்று, மூடுபனி. சூரியத் தகடு சார்ஜ் ஏறாது. முதுகு இறகும் தகட்டை மூடும், அதனால் அடியில் ஒரு பஞ்சுத் தகடு வைத்து உயர்த்துவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் பதியச் சொன்னால் மின்கலம் சில நாளில் படுத்துவிடும். மணிக்கு ஒன்று அல்லது பகலில் நாலைந்து என்று குறைக்க வேண்டும். இரண்டாவது, பள்ளத்தாக்கு. தொலைபேசி அலை எட்டாத இடத்தில் கருவி பதிவுகளைச் சேமித்து வைத்து, எட்டும் இடத்துக்குப் பறவை வரும்போது மொத்தமாக அனுப்பும். எனவே மூன்று நாள் மௌனம் என்பது இறப்பல்ல. ரஷ்ய ஆய்வாளர்கள் தொடர்ந்த புல்வெளிக் கழுகு ஒன்று 2019-ல் கசகஸ்தானில் அலை இல்லாத பகுதியில் கோடை முழுக்க இருந்துவிட்டு ஈரானுக்குள் நுழைந்ததும், தேங்கிய குறுஞ்செய்திகள் வெளிநாட்டுக் கட்டணத்தில் ஒரே நேரத்தில் பாய்ந்து ஆய்வுப் பணத்தைத் தின்றுவிட்டன. மக்கள் சேர்ந்து பணம் அனுப்பினார்கள், பின்னர் தொலைபேசி நிறுவனம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. கருவி வாங்கும்போது கட்டணத் திட்டத்தையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். மூன்றாவது தடை, நம் காட்டுக் கழுகைப் பிடிப்பது. திறந்தவெளிக் கழுகைப் போல அது பொறிக்கு இலகுவில் வராது.

ஒரே புள்ளியில் பதிவுகள் குவிந்தால் மூன்று பொருள் இருக்கலாம்: கூட்டில் இருக்கிறது, கருவி கழன்றுவிட்டது, பறவை இறந்துவிட்டது. அசைவு உணரி சொல்லிக் கொடுக்கும். கூட்டில் அடைகாக்கும் பறவை சிறிதாவது அசையும். மற்ற இரண்டிலும் அசைவே இல்லை. உடனே அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பதுதான் தொடர்தலின் உயிர்நாடி, ஏனென்றால் இறந்த காரணம் அங்கேதான் கிடைக்கும். ஸ்பெயினில் அரசக் கழுகுகள் மின்கம்பத்தில் அமர்ந்து மின்சாரம் தாக்கி இறப்பதே பெரிய காரணம் என்று அப்படித்தான் தெளிவானது. அபாயமான கம்பங்களைத் திருத்தியதும் இறப்புக் குறைந்தது. பெரிய சிறகு ஒரே நேரத்தில் கம்பியையும் மண்ணோடு இணைந்த இரும்புக் குறுக்குச் சட்டத்தையும் தொட்டுவிடுவதுதான் விபத்து. கம்பியை இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் அளவுக்கு உறையிட்டால் போதும்.

உங்கள் கையில் கருவி இல்லாவிட்டாலும் வளையம் வாசிக்கலாம். காலில் வளையத்தோடு பறவை கண்டால் நிறம், எண், எழுத்து, எந்தக் கால், திகதி, இடம் குறித்து, தெளிவான படத்தோடு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பிடித்து வளையமிடவோ கருவி பொருத்தவோ அதன் அனுமதி கட்டாயம்.

கழுகின் பார்வை மனிதனைவிட எட்டு மடங்கு என்கிறார்களே?
— ஹட்டன் மாணவர் ஒருவர்

மிகைப்படுத்தல். அளந்து பார்த்த இனங்களில் கூர்மை மனிதனுடையதைப்போல ஏறக்குறைய இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு. ஒவ்வொரு கண்ணிலும் கூர்ந்து பார்க்கும் குழி இரண்டு, நமக்கு ஒன்று. ஆனால் வெளிச்சம் குறைந்தால் அந்தக் கூர்மை விரைவில் சரிகிறது. மூடுபனி மூடிய காலையில் கழுகு வெளியே வராததற்கு, எழும்ப வெப்பக் காற்று இல்லாததோடு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குப் பின்னால் சிறகு தொங்கியபடி ஒரு கழுகு கிடந்தது. பிடிக்கப் பயந்து விட்டுவிட்டோம், மறுநாள் இறந்துவிட்டது. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?
— நானுஓயா வாசகி

முதலில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992-க்கு அழையுங்கள். ஆட்கள் வரும்வரை செய்ய வேண்டியது இவ்வளவே.

ஆபத்து அலகில் இல்லை, காலில். பெரிய துவாயையோ சாக்கையோ பின்னாலிருந்து தலை மூடும்படி போடுங்கள். இருட்டானதும் அது அடங்கும். பிறகு துணியோடு சேர்த்து இரு கால்களையும் பாதத்துக்கு மேலே, நடுவில் ஒரு விரல் வைத்துப் பிடியுங்கள். தோல் கையுறை இருந்தால் நல்லது. நகம் கையில் இறங்கிவிட்டால் இழுக்காதீர்கள். கால் மடங்கியிருக்கும்வரை நாண்கள் பூட்டிப் பிடிக்கும். காலை நீட்டிவிட்டு, பின்விரலை முதலில் தூக்கினால் விடும்.

60க்கு 45 சென்ரிமீற்றர் அளவுள்ள மட்டைப் பெட்டி, அடிப்பக்கமாகக் காற்றுத் துளைகள், தரையில் பழைய துவாய். செய்தித்தாள் வேண்டாம், கால் வழுக்கும். கம்பிக்கூடு வேண்டாம், முட்டி மோதி இறகு உடையும். இறகு உடைந்த கழுகை அடுத்த இறகு முளைக்கும்வரை விட முடியாது. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இறைச்சி, சோறு எதுவும் கொடுக்க வேண்டாம்: மெலிந்த பறவையின் குடல் அதைத் தாங்காது. முறிந்த சிறகுக்கு நீங்களே கட்டுப் போடவும் வேண்டாம். பெட்டியை மூடி, அடுப்படியிலிருந்தும் நாயிடமிருந்தும் தள்ளி, சத்தமில்லாத அறையில் வையுங்கள். பிள்ளைகள் திறந்து திறந்து பார்ப்பதே பல பறவைகளைக் கொன்றிருக்கிறது.

குட்டை வால், தலையில் பஞ்சு இறகு, காயமில்லை என்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு. பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு நூறு மீற்றராவது விலகுங்கள். தாய் வரும்.

உருளைக்கிழங்குத் தோட்டத்தில் எலி மருந்து வைக்கிறோம். அது கழுகைக் கொல்லும் என்பது உண்மையா? எலியை என்னதான் செய்வது?
— வெலிமடை விவசாயி

உண்மை. இரத்தம் உறையாமல் செய்யும் மருந்தை உண்ட எலி உடனே சாகாது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை சோர்ந்து, பகலிலும் வெளியே தடுமாறும். கழுகும் கூகையும் சாரையும் முதலில் பிடிப்பது அதைத்தான். வார்பரின் போன்ற பழைய வகை உடலிலிருந்து விரைவாக நீங்கும். புரோடிஃபகூம், புரோமடியோலோன் போன்ற புதிய வகை ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். ஒன்றன்பின் ஒன்றாக எலி தின்றால் சேர்ந்துகொண்டே போகும்.

வைத்தே ஆகவேண்டும் என்றால் திறந்த வரப்பில் வைக்காதீர்கள். எலி மட்டும் நுழையும் ஆறு சென்ரிமீற்றர் துளையுள்ள மூடிய பெட்டிக்குள் வையுங்கள். காலை மாலை இரு வேளையும் செத்த எலியைப் பொறுக்கி முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். எலி ஓய்ந்ததும் எஞ்சியதை எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக வைப்பதுதான் பெரும் கேடு. நிலம் சிறிதென்றால் பொறி போதும்: வளையின் வாயருகே, எலிப் பாதைக்குக் குறுக்காக, பத்து மீற்றருக்கு ஒன்று. வரப்புப் புல்லை வெட்டி, கிழங்கு கிண்டியதும் சிதறலைக் கூட்டிவிட்டால் பாதி எலி குறையும். காட்டுப்பன்றிக்கோ நாய்க்கோ இறைச்சியில் பூச்சிமருந்து பூசி வைப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அதை முதலில் காண்பது வானத்தில் இருப்பவை.

தேயிலைத் தொழிற்சாலை விறகுக்காக யூகலிப்டஸ் வெட்டும் பகுதியில் பெரிய கூடொன்று இருக்கிறது. கழுகுக் கூடா, வெறுங்கூடா என்று எப்படி அறிவது? வெட்டலாமா?
— தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட உத்தியோகத்தர்

கேட்டு எழுதியதற்கு நன்றி. இந்தக் கேள்வி வெட்டிய பிறகுதான் பலருக்கு வருகிறது.

மரத்தில் ஏற வேண்டாம். கீழே நின்று பாருங்கள்: கூட்டு விளிம்பில் பச்சை இலைக் கொத்து புதிதாகத் தெரிகிறதா? கழுகுகள் அடைகாக்கும் காலத்தில் பச்சை இலை கொண்டுவந்து வைக்கும். மரத்தடியில் வெள்ளை எச்சம், எலும்பும் மயிரும் சேர்ந்த கக்கல் உருண்டை, பாம்புச் செதில் கிடந்தால் கூடு நடப்பிலுள்ளது. 200 மீற்றருக்கு அப்பால் தொலைநோக்கியோடு இரண்டு மணி நேரம் இருந்தால் வரவு போக்குத் தெரிந்துவிடும்.

கருங்கழுகு ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முட்டையிடும். ஒன்று, சில வேளை இரண்டு. பாம்புக் கழுகும் குடுமிக் கழுகும் பெரும்பாலும் ஒரே முட்டை. அடைகாக்க ஏறக்குறைய நாற்பது நாள், குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க மேலும் இரண்டு மாதம், அதன் பிறகும் பல வாரம் தாய் தந்தையர் ஊட்ட வேண்டும். ஒரு சோடிக்கு ஆண்டு முழுவதற்கும் பெரும்பாலும் அந்த ஒரு குஞ்சுதான். அடைகாக்கும் பறவையைச் சங்கிலி வாளின் சத்தம் எழுப்பிவிட்டால், மலைக் குளிரில் முட்டை சிறிது நேரத்தில் ஆறிவிடும்.

எனவே நடப்பிலுள்ள கூடென்றால் சுற்றிவர 200 மீற்றர் தூரத்துக்குள் வேலையை நிறுத்தி, வெட்டும் வரிசையை மாற்றி மற்ற முனையிலிருந்து தொடங்குங்கள். குஞ்சு போன பிறகும் கூட்டு மரத்தை விடுங்கள், அதே கூட்டைத்தான் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும். தனி மரமாக விடக்கூடாது. காற்று சாய்த்துவிடும், நிழலும் போய்விடும். சுற்றிவர இருபது முப்பது மரம் கூட்டமாக நிற்கட்டும். கூட்டு மரத்தில் சிவப்புச் சாயத்தால் வளையமடித்து, வெட்டும் குழுவின் கங்காணிக்கு இடத்திலேயே காட்டிக் கொடுங்கள். வரைபடத்தில் மட்டும் குறித்துவைத்தால் காலையில் வாளோடு போகிறவருக்கு அது தெரியாது. கூட்டின் படத்தை இடப்பெயரோடு முகநூலில் போட வேண்டாம். திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியைத் தோட்டக் கோப்பில் வையுங்கள். நீங்கள் மாறிப் போனாலும் அடுத்து வருபவர் அந்த மரத்தை அறிவார்.